சாய்ப்புக்கு மரம்

வீட்டு முன்னால் ஓட்டுச் சாய்ப்பு இறக்க வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குவார்கள். "தேக்கே போட்டுரலாமா ஆசாரி, இல்ல வேங்கை போதுமா?" நான் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. வாசல் எந்தத் திசை பார்த்திருக்கிறது, மேல்காற்று தடுக்கிற மாதிரி எதிரே மரமோ கட்டடமோ உண்டா என்று கேட்பேன். மரத்தைப் பற்றிக் கேட்டால் இவன் காற்றைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலருக்கு முகம் சுருங்கும். வீட்டுக்குள் போடுகிற உத்திரத்துக்குப் பாரத்தை மட்டும் பார்த்தால் போதும். முன் சாய்ப்பில் பாரம் குறைவு, தண்ணீர்தான் பெரிய ஆள்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி பிறந்ததும் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிடும். கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை மரத்தை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. நனையும், வெயில் வந்தால் காயும். சாரல் பொடிப்பொடியாகக் காற்றோடு சாய்ந்து வந்து, ஓட்டுக்கு அடியில் நுழைந்து, தூணையும் உத்திரத்தின் வெளிமுகத்தையும் நாள் முழுக்க ஈரமாகவே வைத்திருக்கும். மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20க்கு மேல் நின்றால்தான் பூஞ்சை பிடித்து மக்கும். காய்ந்த மரம் தானாக மக்குவதில்லை. மேற்கு பார்த்த வாசலில் தூணின் கடைசி ஒரு முழம் ஆனி, ஆடி இரண்டு மாதமும் காய்வதே இல்லை. அதே தெருவில் எதிர்வரிசையில் கிழக்கு பார்த்த வீட்டுக்கு அந்தக் கவலை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதுவும் இடையிடையே வெயில் வந்துவிடும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு நான் இரண்டு மரம் சொல்வதற்குக் காரணம் இதுதான். எதிர்வீட்டுக்காரருக்கு மலிவாகச் சொல்லிவிட்டேன் என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு.

திசைக்கு அடுத்தபடி உயரம். மங்களூர் ஓட்டுக்கு இரண்டடி போனால் ஓரடியாவது இறங்க வேண்டும். அதற்குக் குறைத்தால் காற்று தண்ணீரை ஓட்டின் மடிப்புக்குள் மேல்நோக்கித் தள்ளும். எட்டடி அகலச் சாய்ப்பு என்றால் சுவரிலிருந்து முன் உத்திரத்துக்கு நாலடி இறக்கம். முன் உத்திரம் ஏழடியில் நிற்க வேண்டுமென்றால் சுவரில் பதினோரடியில் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் மாடிச் சுவரின் சன்னலோ சன்ஷேடோ குறுக்கே நிற்கும். உடனே, "சாய்வைக் கொஞ்சம் கொறச்சுக்கிட்டா என்ன?" என்பார்கள். ஓட்டுச் சாய்ப்பு ஒழுகுகிற வீடுகளில் பாதி இந்த "கொஞ்ச"த்தால் ஒழுகுவதுதான். இறவாரத்துக்கு வேறு இரண்டடி வெளியே நீட்ட வேண்டும், அதில் இன்னும் ஓரடி இறங்கிவிடும், ஆள் தலை இடிக்கும். நான் சாய்வைத் தொடமாட்டேன். எட்டடி வேண்டாம், ஆறடியோடு நிறுத்துங்கள் என்பேன். ஆறடியில் ஒரு கட்டிலும் இரண்டு நாற்காலியும் போட இடமிருக்கும். கார் நிறுத்தத்தான் இடம் போதாது. காருக்காக என்றால் ஓட்டை விட்டுவிட்டு வேறு கூரைக்குப் போவதுதான் புத்தி.

இதெல்லாம் முடிவான பிறகு உத்திரம். சாய்ப்பில் சுவர்ப்பக்கம் பாதிப் பாரத்தைச் சுவர் வாங்கிக்கொள்ளும், மீதியும் இறவாரத்தின் பாரமும் முன் உத்திரத்தின் தலையில் வரும். ஓடு, ரீப்பர் எல்லாம் சேர்த்து நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 600 கிலோ வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், இரண்டடி இறவாரம் என்றால் முன் உத்திரம் சுமப்பது எழுபது சதுர அடிக்கு மேல், அதாவது 430, 440 கிலோ. நனைந்த ஓடு இன்னும் கனக்கும். ஓடு மாற்ற மேலே ஏறுகிற ஆட்களும் உண்டு. இதைத் தாங்கத் தேக்கில் நாலுக்கு ஆறு உத்திரம் போட்டால் ஒடியாது, ஆனால் நடுவில் தொய்யும். நாலுக்கு எட்டு போட்டால் கண்ணுக்குத் தெரிகிற தொய்வு இருக்காது.

அகலத்தைக் கூட்டுவதா, ஆழத்தைக் கூட்டுவதா என்பதில்தான் புதுப் பையன்கள் தடுமாறுவார்கள். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு இரண்டு மடங்குதான் கூடும். ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு கூடும். அதே நாலுக்கு ஆறு மரத்தைப் படுக்கப் போட்டால், நிறுத்திப் போடுவதைவிட இரண்டேகால் மடங்கு தொய்யும். படுக்கப் போட்டால் தூணின் தலையில் நன்றாக உட்காரும் என்று சில இடங்களில் இன்னும் போடுகிறார்கள். உட்காரும்தான், நடு மட்டும் தொங்கும். தூரமும் அப்படித்தான். அடிக்கு அதே பாரம், அதே மரம், தூண்களுக்கு இடையிலான தூரம் மட்டும் இரண்டு மடங்கு என்றால் தொய்வு 16 மடங்கு. எங்கள் பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் அவர் எடுத்துக் கொடுத்த அளவுகளைப் பின்னாளில் போட்டுப் பார்த்தால் எல்லாம் கணக்கோடு ஒத்துப்போனது. அவர் உத்திரத்தை நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, இயற்கையாக வில் விழுந்திருக்கிற பக்கத்தை மேலே திருப்பி வைப்பார். பாரம் ஏறியதும் அது மட்டமாகும்.

நடுவில் ஒரு தூண் வைத்தால் செலவு குறையும் என்பது பரவலான எண்ணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலுக்கு எட்டு, பன்னிரண்டடி உத்திரம் சுமார் 2.67 கன அடி. நடுவில் தூண் வந்தால் நாலுக்கு ஐந்து போதும், அது 1.67 கன அடி. ஐந்துக்கு ஐந்தில் எட்டடித் தூண் ஒன்று 1.39 கன அடி. கூட்டினால் மூன்றைத் தாண்டிவிடுகிறது. மரம் கூடத்தான் செய்கிறது. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. நடுத்தூண் இருந்தால் உத்திரத்தை ஆறடி ஆறடியாக இரண்டு துண்டாகப் போடலாம். நீளம் கூடக் கூட டிப்போவில் கன அடி விலையும் கூடும், பன்னிரண்டடி நேர்மரம் கிடைப்பதும் கஷ்டம். கல்தூண் வைக்கிறவர்களுக்கு இன்னும் சௌகரியம். ஆனால் உத்திரத்தையே கல்லில் போட ஆசைப்படக்கூடாது. நசுக்குகிற பாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கல் தாங்கும், வளைக்கிற பாரத்தில் திடீரென்று ஒடிந்துவிடும். கோயில் மண்டபங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மரம் எடுக்க எங்களுக்குச் செங்கோட்டைதான். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், மலைக்கு அந்தப் பக்கத்து மரம் வந்து இறங்குகிற வாசல். இப்போது அங்கே அறுபடுவதில் நிறைய மரம் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி வருவது. பர்மாவில் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரம் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதன் பிறகு "பர்மா" என்று யாராவது உருட்டு மரத்தைக் காட்டினால் நான் சிரித்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போய்விடுவேன். ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் தோட்டத் தேக்கு வருகிறது. அது கெட்ட மரம் என்று சொல்லமாட்டேன், இளமரம் என்பேன். இளமரத்தில் வெள்ளை அதிகம். வெட்டுமுகத்தைப் பார்த்தால் வெளியே வெளுப்பாக ஒரு வளையம், உள்ளே பழுப்பாக வைரம். பூச்சி முதலில் வாய் வைப்பது அந்த வெளுப்பில்தான். சில கடைகளில் அறுத்த சட்டத்துக்கு மஞ்சள் சாயம் தடவி வைத்திருப்பார்கள். ஓர் ஓரத்தில் இழைப்புளியால் ஒரு சுருள் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சாயத்துக்குக் கீழே வெள்ளை இருக்கும், தேக்கின் எண்ணெய் வாடையும் வராது. சுருள் எடுக்க விடாத கடையில் நான் மரம் எடுப்பதில்லை.

உருட்டு மரத்தை அளக்கிற முறை வீட்டுக்காரர்களைக் குழப்பும். சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் கன அடி. 48 அங்குலச் சுற்று, பத்தடி நீளம் என்றால் 10 கன அடி. உருளையின் நிஜ அளவு 12.7. "நமக்கு ரெண்டே முக்கால் சும்மா கெடைக்குது போல" என்று சந்தோஷப்படுவார்கள். அறுத்து முடித்ததும் அந்த இரண்டே முக்காலும், அதற்கு மேலும், தோலாகவும் தூளாகவும் வளைந்த புறப்பலகையாகவும் போயிருக்கும். அதனால் உத்திரத்துக்கு உருட்டாக வாங்குவதா, அறுத்த சட்டமாக வாங்குவதா என்று கேட்டால், ஒரு சாய்ப்புக்குச் சட்டமாகவே வாங்குங்கள் என்பேன். முழு வீட்டுக்கு என்றால்தான் உருட்டு கட்டுப்படியாகும்.

தேக்கு எதற்கும் தகும் என்பதில் சந்தேகமில்லை. எண்ணெய் உள்ள மரம், சுருங்கி விரிவது குறைவு, கறையான் அவ்வளவு எளிதில் நெருங்காது. கன அடி 18, 19 கிலோதான் வரும், தூக்கி வைக்க இலகு. வேங்கை அதைவிடக் கனம், 22, 23 கிலோ, பாரம் தாங்குவதிலும் குறைவில்லை. ஆனால் பச்சையாக மேற்கு வாசலில் வைத்துவிட்டால் முதல் சாரலிலேயே செம்பழுப்பாகச் சாறு இறங்கி, வெள்ளையடித்த சுவரில் கோடு கோடாகப் படியும். சர்க்கரை நோய்க்காரர்கள் வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நிறம் மாறுகிறதே, அதே சாறுதான். சாறு நிற்கும்வரை வெள்ளையடிக்காமல் காத்திருக்க முடிந்தவர்கள் தாராளமாக வேங்கை போடலாம். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தவர்கள் வேறு பார்ப்பது நல்லது. சாரல் நேராக அடிக்கிற இடத்தில் எனக்குப் பிடித்தது கோங்கு. அறுக்கும்போது வாளின் பல் மழுங்கும், ஆணி அடித்தால் வளையும், துளைபோட்டுத்தான் இறக்க வேண்டும். ஈரத்துக்கு அசராது. வீட்டுத் தோட்டத்து வேப்பமரத்தை வெட்டி, "இத வச்சே முடிச்சிரு" என்பவர்களும் உண்டு. கறையானைப் பொறுத்தவரை வேம்பு நல்ல மரம்தான், ஆனால் முறுக்கிக்கொள்கிற மரம். குறுக்குக் கட்டைக்கு வைத்துக்கொள்வேன், நீள உத்திரத்துக்கு வைக்கமாட்டேன்.

எந்த மரமானாலும் பச்சையில் ஏற்றக்கூடாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. நாலங்குல உத்திரத்துக்கு நாலு வருஷம் யார் காத்திருப்பார்கள்? ஆனால் பாரத்தோடு காய்கிற மரம் எந்த வளைவில் காய்கிறதோ அந்த வளைவிலேயே நின்றுவிடும், பிறகு ஓட்டை இறக்கினாலும் நிமிராது. அவசரக்காரர்களுக்கு நான் சொல்கிற வழி இடித்த வீட்டு மரம். ஐம்பது, அறுபது வருஷம் கூரைக்குள் கிடந்து காய்ந்த உத்திரம், இனிமேல் முறுக்கவோ வெடிக்கவோ அதில் ஒன்றும் மிச்சமில்லை. சுத்தியலால் நீளமெல்லாம் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று கேட்கிற இடம் நல்லது, சத்தம் பொத்தென்று அமுங்கினால் உள்ளே உளுத்திருக்கிறது. சுவருக்குள் இருந்த இரண்டு முனையையும் ஓரடி வெட்டி எறிந்துவிட்டு மீதி நீளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு தலைவலி உண்டு, ஆணி. உள்ளே புதைந்த ஒரு பழைய ஆணி போதும், மில்லில் வாளின் பல் தெறித்துவிடும், அதன் பிறகு மில்காரர் நம் மரத்தைத் தொடமாட்டார். காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போவேன். அது எங்கே இழுபடுகிறதோ அங்கே உளி.

உத்திரத்தின் மேல் சரிந்து இறங்குகிற கைமரத்துக்குப் பனை. தொல்காப்பியத்தின் மரபியல் வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல்தான். தச்சு வேலைக்கு இது நிஜமாகவே உதவுகிற பிரிவு. தேக்கில் வெளியைச் செதுக்கி எறிந்து உள்ளை வைத்துக்கொள்கிறோம். பனையில் நேர்மாறு. நெடுக்கப் பிளந்து, உள்ளேயிருக்கிற சோறு முழுவதையும் வாய்ச்சியால் கொத்தி எறிந்துவிட்டு, வெளிப்பக்கத்துக் கறுப்பு நார் நெருங்கிய பகுதியை மட்டும் கைமரமாக எடுக்க வேண்டும். சோற்றை மிச்சம் வைத்தால் பூச்சி அங்கேதான் குடியேறும். அடிமரத்தின் துண்டுக்கும் நுனித் துண்டுக்கும் வலுவில் பெரிய வித்தியாசம். விற்கிறவர் இரண்டையும் கலந்துதான் கட்டுவார், கறுப்பு எவ்வளவு நெருக்கம் என்று வெட்டுமுகத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டியது நாம்தான். கையில் சிலாம்பு ஏறாமல் பனை வேலை செய்தவன் யாருமில்லை. 2021இல் வந்த வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். அதிலிருந்து நான் பழைய வீட்டுப் பனங்கைகளைத்தான் தேடி எடுக்கிறேன். சோறு எடுத்த உள்முகத்தில் முந்திரிக் கொட்டை எண்ணெய் இரண்டு தடவை பூசுவேன். கையில் பட்டால் தோல் வெந்துவிடும், ஆகவே பையன்களைப் பூச விடுவதில்லை.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் பூமுகத்தின் மேற்கூரையில் செதுக்கியிருக்கிற தொண்ணூறு வகைப் பூக்களை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். எங்கள் ஆட்கள் போனால் வெளியே நின்று இறவாரத்தைப் பார்க்க வேண்டும். தாழ்ந்து, நீண்டு, சுவரையும் தூணையும் முழுக்க நிழலில் வைத்திருக்கிறது. அந்த மரவேலை இத்தனை நூற்றாண்டாக அந்த மழையில் நிற்கிறதென்றால், மரத்தின் உசத்தி பாதி, இறவாரம் பாதி. இன்றைக்கு முகப்பு மறைக்கிறது என்று சொல்லி இறவாரத்தை ஓரடியாக வெட்டச் சொல்கிறார்கள். ஓரடி இறவாரத்துக்குக் கீழே தேக்குத் தூணும் இரண்டடி இறவாரத்துக்குக் கீழே வேப்பந்தூணும் நின்றால், நான் வேம்பின் பக்கம்.

தூண் தரையைத் தொடக்கூடாது. அறுத்த முனை வழியாக ஏறுகிற தண்ணீர் பக்கவாட்டில் ஏறுவதைவிடப் பல மடங்கு. கருங்கல் பாதம் ஒன்றைத் தரையிலிருந்து அரையடி உயர்த்தி, நடுவில் துளைபோட்டு இரும்பு முளை இறக்கி, அதன்மேல் தூண். கல்லின் மேல்முகம் நடுவிலிருந்து வெளியே லேசாகச் சரிய வேண்டும், தண்ணீர் தேங்கினால் கல் வைத்தும் பயனில்லை. கொத்தனார் தளம் போடும்போது அழகுக்கென்று கல்லை மூடி டைல்ஸை மரத்தோடு முட்ட விட்டுவிடுவார். அந்த ஒரு நாள் நான் எங்கே வேலையிருந்தாலும் அந்த வீட்டில் போய் நிற்பேன். உத்திரம் சுவருக்குள் போகிற முனையும் அப்படித்தான். சிமெண்டைக் குழைத்து நான்கு பக்கமும் அடைத்துவிட்டால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. அடியில் கல், முனையில் தார், சுற்றிலும் விரல் கனம் காற்றுக்கு இடம். பிறகு அணில் புகாமல் வலை வைத்துக்கொள்ளட்டும்.

ஆடிக்காற்றை மறக்கக்கூடாது. காற்றாலை நட்டு வைத்திருக்கிற சீமை இது. சாய்ப்பு மூன்று பக்கம் திறந்தது, காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தூக்கும். கைமரத்தை உத்திரத்தோடு ஆணியால் மட்டும் பிடித்தால் போதாது, இரும்புப் பட்டையும் போல்ட்டும் வேண்டும். மங்களூர் ஓட்டின் பின்பக்கக் குமிழில் ஒரு துளை இருக்கும். கம்பி கட்டத்தான் அந்தத் துளை, ஆனால் கட்டுகிறவர்கள் குறைவு. இறவாரத்து முதல் இரண்டு வரிசையையாவது கட்டிவிட வேண்டும்.

இரும்புக் குழாயைப் பற்றியும் கேட்கிறார்கள். நீளம் கூடிய இடத்தில், நடுத்தூண் ஆகாத இடத்தில், இரும்பு உத்திரம்தான் சரி, எனக்கு அதில் வீம்பு இல்லை. முனையை மூடாமல் விட்டால் உள்ளே தண்ணீர் புகுந்து உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். தூத்துக்குடி உப்புக்காற்றில் இது இன்னும் வேகம். இரும்பை இரும்பாகவே விடுங்கள். அதன்மேல் மரக்கோடு வரைந்து பெயிண்ட் அடிக்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

கடைசியில் எப்போதும் வார்னிஷ் சண்டை. வெளியில் நிற்கிற மரத்தில் வார்னிஷ் ஒரு தோலாகத்தான் உட்காரும். வெயிலில் வெடித்து, வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போய், வெளியே வர முடியாமல் தோலுக்கு அடியில் கறுத்துப்போகும். ஆளி விதை எண்ணெயைச் சூடாகத் தேய்த்து, வருஷத்துக்கு ஒருமுறை சாரலுக்கு முன்னால் இன்னொரு கை தேய்த்தால் போதும். இதை விளக்கமாகச் சொல்வேன், வீட்டுக்கார அண்ணாச்சியும் தலையாட்டிக் கேட்பார். பால்காய்ப்புக்கு இரண்டு நாள் முன்னால் வார்னிஷ் டப்பாவோடு வந்து நிற்பார். "வீடியோ எடுக்காங்கல்லா ஆசாரி, பளபளன்னு இருக்கட்டும்." அடித்துக் கொடுத்துவிடுவேன். தூணின் கடைசி ஒரு முழத்துக்கும் உத்திரத்தின் முனைகளுக்கும் மட்டும் அதற்கு முந்தின நாளே எண்ணெய் தேய்த்து வைத்திருப்பேன். அங்கே வார்னிஷ் ஒட்டாது. ஏன் ஒட்டவில்லை என்று அவர் கேட்டால், அது அப்படித்தான் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொள்வேன்.